சரக்கை யாரிடம் ஒப்படைப்பது? கூரியர் முதல் 4பிஎல் வரை பல வருட அனுபவம்

நாங்கள் தயாரிப்பது தலையணையும் திண்டும். எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம். எங்கள் லாஜிஸ்டிக்ஸ் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் குணம்தான். சரக்கு அனுப்பும் பொறுப்பு பல வருடமாக என்னிடம் இருப்பதால் கூரியர், லாரி கம்பெனி, ஃபார்வர்டர் (கப்பலிலும் விமானத்திலும் இடம் பிடித்துத் தருபவர்), 3பிஎல் (குடோனும் டெலிவரியும் பார்ப்பவர்), 4பிஎல் (இவர்களை எல்லாம் நம் சார்பில் மேய்ப்பவர்) என்று எல்லா வகையினரிடமும் வேலை வாங்கிப் பார்த்தாயிற்று. புதிதாகத் தேடுபவர்கள் "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கம்பெனியின் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வண்டியா, குடோனா, பேப்பரா, வெறும் தகவலா? கையில் இருப்பதற்குத்தான் ஒருவர் உடனே பதில் சொல்ல முடியும். மற்றதையெல்லாம் அவரும் இன்னொருவரிடம் கேட்டுத்தான் சொல்வார்.

டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற எக்ஸ்பிரஸ் கூரியர்களிடம் விமானம், வண்டி, சுங்க கிளியரன்ஸ், டெலிவரி எல்லாமே பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குள் முடிந்துவிடுகிறது. சாம்பிள், அவசர ஆர்டர், சின்னப் பார்சல் என்றால் நான் இன்றும் இவர்களிடம்தான் போகிறேன். ஆனால் தராசு காட்டும் எடைக்கு மட்டும் பில் வராது. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றி, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். 60 × 50 × 40 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்றில் எங்கள் திண்டுகளை அடுக்கினால் 7 கிலோ. நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது எக்ஸ்பிரஸ் வழக்கம்; அப்போது அந்தப் பெட்டி 24 கிலோ. அதையே ஃபார்வர்டர் மூலம் ஏர் கார்கோவில் போட்டால் 6,000-ஆல் வகுப்பார்கள்; 20 கிலோ. கப்பலில் எல்சிஎல் முறையில், அதாவது பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னரைப் பகிரும்போது, ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். எங்கள் சரக்குக்கு எங்கே போனாலும் கன அளவுதான் கூடுதலாக நிற்கும். திண்டுகளை வேக்குவம் பேக் செய்து பெட்டியின் உயரத்தை 40-லிருந்து 30 செ.மீ.க்கு இறக்கியதும் கூரியர் எடை 24-லிருந்து 18 கிலோவுக்கு வந்தது. எந்த ரேட் பேரத்திலும் எங்களுக்கு இவ்வளவு குறைந்ததில்லை. இரும்பு உதிரிபாகம் அனுப்புபவருக்கு இந்தக் கவலையே கிடையாது. அதனால் அவர் மனதாரப் பரிந்துரைக்கும் கம்பெனி எனக்கு ஒத்துவராமல் போகலாம்.

லாரியில் முழு லோடு என்றால் பெரிதாகச் சிக்கல் இல்லை. பார்ட் லோடு, அதாவது மற்றவர் சரக்கோடு சேர்ந்து போவது என்றால் ஒரே ஒரு கேள்வி: வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவீர்கள்? பெட்டி நசுங்குவது பெரும்பாலும் ஓடும் வண்டியில் இல்லை, இறக்கி ஏற்றும் இடத்தில்.

ஃபார்வர்டரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஃபார்வர்டர்களுக்குச் சொந்தமாகக் கப்பலோ விமானமோ கிடையாது. இடம் பிடிப்பதும் பேப்பர் வேலையும்தான் அவர்கள் தொழில். அவர் நமக்குத் தரும் ஹவுஸ் பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றதற்கான ரசீதும் ஒப்பந்தமுமான பேப்பர்) நமக்கும் அவருக்கும் இடையிலானது. கப்பல் நிறுவனம் தரும் மாஸ்டர் பில் அவருக்கும் அவர்களுக்கும் இடையிலானது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது ஒரு ஷிப்மென்டில் தெரிந்தது. நாங்கள் முழுப் பணமும் கட்டியிருந்தோம். ஃபார்வர்டர் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டவில்லை. சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் வராமல் கன்டெய்னர் இறங்கிய துறைமுகத்திலேயே நின்றது. இலவச நாட்கள் தீர்ந்து டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏற ஆரம்பித்தது. கப்பல் நிறுவனத்திடம் நேரடியாகப் பேசினால், அவர்கள் புத்தகத்தில் எங்கள் பெயரே இல்லை. பாக்கி தீர்ந்த பிறகுதான் சரக்கு வெளியே வந்தது.

அன்றிலிருந்து ரேட்டுக்கு முன்பாக, கப்பல் நிறுவனங்களோடு கடன் வசதி எப்படி, இறங்கும் இடத்தில் ஏஜென்ட் யார், பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். எல்சிஎல்லில் கடல் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காட்டி, இறங்கும் பக்கத்தில் வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்பவர்களும் உண்டு. அந்தப் பக்கத்துக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்காமல் கொட்டேஷன்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

எந்த வகையினராக இருந்தாலும் சரக்கு தொலைந்தால் கிடைப்பதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சர்வதேச விமானச் சரக்குக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கிலோவுக்கு 22 எஸ்டிஆராக இருந்தது, 2024 டிசம்பர் 28 முதல் 26. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால், எங்கள் 7 கிலோ பெட்டிக்கு அதிகபட்சம் 182 எஸ்டிஆர், உள்ளே எவ்வளவு விலைப் பொருள் இருந்தாலும். கப்பலில் யார் தவறும் இல்லாமலே செலவு வரலாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் அடைத்து நின்ற பிறகு, அதன் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். மீட்புச் செலவில் சரக்கு உரிமையாளர்களுக்கும் பங்கு என்பது இதன் பொருள். காப்பீடு செய்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். செய்யாதவர்கள் சொந்தப் பணத்தை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். கார்கோ இன்ஷூரன்ஸை நாங்கள் யாரிடமும் விடாமல் எங்கள் பெயரிலேயே எடுக்கிறோம்.

3பிஎல் என்றால் நம் சரக்கைத் தன் குடோனில் வைத்து, ஆர்டர் வர வர எடுத்து, பேக் செய்து, அனுப்பி, ரிட்டர்னையும் பார்த்துக்கொள்பவர். ஆர்டர் பெருகிய காலத்தில் எங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது இந்த ஏற்பாடுதான், நன்றியோடே சொல்கிறேன். குடோனைப் பார்க்கப் போனால் நேராக ரிட்டர்ன் வந்த சரக்கு கிடக்கும் மூலைக்குப் போங்கள். முன்வரிசை ரேக்குகள் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். திரும்பி வந்த பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்பட்டு, தேதி எழுதி, விற்கலாம், கழிவு என்று பிரிந்திருந்தால் அங்கே ஸ்டாக் கணக்கும் ஒழுங்காக இருக்கும். அதோடு ஏதாவது சில பொருட்களைச் சொல்லி, கம்ப்யூட்டர் காட்டும் எண்ணிக்கையையும் ரேக்கில் இருப்பதையும் நம் கண்முன் எண்ணிக் காட்டச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் மாதக் குறைந்தபட்ச பில், ஸ்டாக் குறைவுக்கு எத்தனை சதவீதம் வரை அவர்களுக்கு விலக்கு என்ற இரண்டு வரிகளையும் கட்டாயம் படியுங்கள்.

4பிஎல் என்ற பெயரை 1990-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஆண்டர்சன் கன்சல்டிங், இன்றைய அக்சென்ச்சர். வண்டியோ குடோனோ இல்லாமல், மற்ற எல்லாரையும் நம் சார்பில் மேய்ப்பதுதான் வேலை. சில காலம் வைத்திருந்தோம். அறிக்கைகள் அருமையாக வந்தன, எங்கே செலவு கசிகிறது என்று தெரிந்தது. ஆனால் வேலையில் பெரும்பகுதி அவர்களுடைய சகோதர நிறுவனத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நிலையான சம்பளமா, சரக்குக் கட்டணத்தின் மேல் கமிஷனா என்பதை முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் குடோன் வைத்திருப்பவருக்கு 4பிஎல் அவசியம். எங்கள் அளவுக்கு, விவரம் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதே போதுமானதாக இருந்தது.

இப்போது சாம்பிளுக்குக் கூரியர், கடல் வழிக்கு இரண்டு ஃபார்வர்டர், சில்லறை ஆர்டருக்கு ஒரு 3பிஎல். ஃபார்வர்டரில் ஒருவருக்குப் பெரும்பங்கு, மற்றவருக்குத் தொடர்ந்து கொஞ்சம். சும்மா பெயருக்கு வைத்திருந்தால் நெருக்கடியில் அவர் இடம் பிடித்துத் தர மாட்டார். 3பிஎல் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. வெளியேறும் விதியைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன்: நோட்டீஸ் எத்தனை நாள், ஸ்டாக்கை ஏற்றிக்கொண்டு போக என்ன கட்டணம், மென்பொருளில் இருக்கும் விவரம் எந்த வடிவில் எங்கள் கைக்கு வரும். இந்த மூன்றும் வந்த பிறகுதான் கையெழுத்து.