அம்மா கண்ணு ஆபரேஷனும் ஆரோக்கிய சஞ்சீவனியும்: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

அம்மாக்கு 2022-ல ரெண்டு லட்சத்துக்கு எடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி இது. கம்பெனி பேரு வேண்டாம். ஆரோக்கிய சஞ்சீவனி எல்லா கம்பெனியும் ஒரே ரூல்ல விக்குற பாலிசி தான், இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்குற ஐஆர்டிஏஐ சொல்லி 2020 ஏப்ரல்ல வந்தது, அதனால நான் சொல்றதுல பாதி யாருகிட்ட எடுத்தாலும் அப்படியே இருக்கும், மீதி பாதி எங்க கம்பெனி லட்சணமாக்கும்.

கண்ணுல புரைன்னு நாங்க கண்டுபிடிச்சதே நெத்திலி ஆயும்போது தான். தலைய கிள்ளி ஒரு பக்கம், மீன் சட்டிக்கு. அம்மா அன்னைக்கு தலைய எல்லாம் சட்டில போட்டுட்டு மீன குப்பைல போட்டுட்டு இருந்தாங்க, பூனைக்கு தான் யோகம். நாகர்கோவில்ல காட்டினோம், வலது கண்ணு 6/60 (நல்ல கண்ணு 60 மீட்டர்ல படிக்குறத 6 மீட்டர்ல தான் படிக்க முடியும்), இடது 6/18, ரெண்டுமே புரை, மொதல்ல வலது பண்ணிருவோம்னு டாக்டர் சொல்லியாச்சு.

இப்ப பாலிசிக்கு வாரேன். மொத விஷயம், கண் புரைக்கு 24 மாசம் வெயிட்டிங். பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் முடியாம ஆபரேஷன் பண்ணுனா ஒரு பைசா வராது. எங்களுக்கு மூணு வருஷம் ஆயிட்டு, அதனால அதுல பிரச்சனை இல்ல. ஆனா கண்ணு மங்குனப்புறம் தான் பாலிசி எடுக்கணும்னு ஞாபகம் வர்றவங்க தான் நம்ம ஊர்ல ஜாஸ்தி.

ரெண்டாவது தான் எனக்கு வயிறு எரிஞ்ச இடம். ரெண்டு லட்சம்னு பாலிசி அட்டைல கொட்ட எழுத்துல போட்டிருக்கு, ஆனா புரைக்கு ஒரு கண்ணுக்கு பாலிசி தொகைல 25 சதவீதம் இல்லன்னா 40,000, இதுல எது கொறைவோ அது தான். எங்களுக்கு 25 சதவீதம்னா 50,000 வரும், அதனால 40,000. ஒரு லட்சத்துக்கு எடுத்திருந்தா 25,000 தான், அதே சமயம் அஞ்சு லட்சத்துக்கு எடுத்தாலும் அதே 40,000 தான். அதுக்கு மேல 5 சதவீதம் நம்ம கைல இருந்து போடணும், ஆக கைக்கு 38,000. ஏஜெண்ட் அண்ணன் வீட்டுக்கு வந்து சாயா குடிச்சு ஒரு மணிநேரம் பேசினாரு, இதுல ஒரு வரி சொல்லல. அம்மாகிட்ட கணக்க சொன்னேன், "ரெண்டு லட்சம்னு சொல்லிட்டு கண்ணுக்கு மட்டும் என்ன மக்கா பிச்ச போடுதானுவ"ன்னாங்க.

பில் 52,000. சாதா மோனோஃபோகல் லென்ஸ் தான், ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவா தெரியுறது. ஆஸ்பத்திரில கவுன்சிலர் பிள்ளை மல்டிஃபோகல் வைங்க, கண்ணாடியே வேண்டாம், 95,000 தான்னு சிரிச்சுகிட்டே சொல்லிச்சு. எந்த லென்ஸ் வச்சாலும் கம்பெனி தர்றது அதே 40,000 கணக்கு தான், மிச்சம் நம்ம தலைல. வேண்டாம்னுட்டோம், தூரம் இப்ப பளிச்சுன்னு தெரியுது, பேப்பர் படிக்க கண்ணாடி போட்டுக்கிடுதாங்க.

கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா காசு கட்டுற கேஷ்லெஸ் லிஸ்ட்ல அந்த ஆஸ்பத்திரி இல்ல, அதனால காச கட்டிட்டு அப்புறம் கிளெயிம். காலைல எட்டு மணிக்கு போய் மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வந்தாச்சு, 24 மணிநேரம் அட்மிட் ஆகணும்னு ரூல் இதுக்கு கிடையாது, டே கேர்ல வந்துரும். டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள்ள பேப்பர் போகணும். பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, லென்ஸ் பவர் கணக்கு பண்ண கண்ண அளக்குற ஏ-ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம் பின் அடிச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மெயில், லென்ஸ் ஸ்டிக்கர் இல்ல, கிளெயிம் நிறுத்தி வச்சிருக்கோம்னு.

லென்ஸ் ஸ்டிக்கர்னா என்னன்னே எனக்கு தெரியாது. லென்ஸ் வர்ற டப்பாவுக்குள்ள பவரும் சீரியல் நம்பரும் போட்ட சின்ன ஒட்டுற சீட்டு நாலஞ்சு இருக்குமாம், கட்டைவிரல் அகலம் கூட இருக்காது, அதுல ஒண்ண கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, ஒண்ணு நமக்கு தரணும். எங்களுக்கு தரல. மறுபடி ஸ்கூட்டர எடுத்துட்டு போனா ரெக்கார்ட் ரூம் ஆளு லீவு, நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு நாலு நாளு. அனுப்பினப்புறமும் ஒரு மாசம் சத்தமே இல்ல. கடைசில கம்பெனி புகார் மெயிலுக்கு, 30 நாளுக்குள்ள முடிக்கலன்னா சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போவேன்னு ரெண்டே வரி எழுதினேன் (கம்பெனி மேல உள்ள புகார விசாரிக்குற அதிகாரி, அங்க புகார் குடுக்க காசு கிடையாது). மூணாம் நாள் போன் வந்துது, அந்த வாரமே 38,000 அக்கவுண்ட்ல. ஆபரேஷனுக்கப்புறம் வாங்குன சொட்டு மருந்து பில் எல்லாம் லிமிட் முடிஞ்சிட்டுன்னு தள்ளிட்டாங்க.

எங்க சித்தி ஆசாரிபள்ளத்துல பெரியாஸ்பத்திரில காசில்லாம பண்ணிட்டு வந்து மாமரத்துல காய் எண்ணிட்டு இருக்காங்க, அதயும் சொல்லிரணும். காத்திருக்க முடிஞ்சா அது தான் நல்லது. பாலிசி வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அம்மாக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, கண்ணுக்கு மட்டும் எடுத்தது இல்ல. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதில இருந்து பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போயிட்டு, அதனால ரினியூவ் பண்ணியாச்சு.

லிமிட்டு ஒவ்வொரு கண்ணுக்கும் தனி, அதனால போன வாரம் இடது கண்ணும் முடிஞ்சுது. தியேட்டர்ல இருந்து பச்ச துணியோட வெளிய கூட்டிட்டு வர்றாங்க, கண்ணுல கட்டு, அம்மா நர்ஸ் பிள்ளை கைய புடிச்சு மொத வார்த்தையா கேட்டது, "அந்த ஒட்டுற சீட்டு எங்க மக்ளே?"