மினிக்காய் மாசி: துண்டாக வாங்குங்கள், தூளாக வேண்டாம்

தூத்துக்குடியில் ஒரு கருவாட்டுக் கடையில் கடந்த மாதம் கால் கிலோ மினிக்காய் மாசி, அதாவது புகையூட்டிக் காயவைத்த சூரை மீன், வாங்கினேன். மூன்று வாரம் சமைத்துப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். கைக்கு வந்தவை ஆறு துண்டுகள். ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த விறகைப் போல ஒலித்தன. உடைத்த இடம் கருஞ்சிவப்பாக, இழைத்த மரத்தின் மினுமினுப்போடு இருந்தது. மூக்கருகே கொண்டுசென்றால் முதலில் புகையும், அதன் பிறகே மீனும் மணந்தன.

லட்சத்தீவின் தென்கோடியில் உள்ள மினிக்காயில் சூரை மீனைத் தூண்டிலால் பிடித்து, தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் நான்காக அரிந்து, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கல்லாக இறுகும்வரை காயவைக்கிறார்கள். அத்தீவினரின் மொழியில் ‘மாஸ்’ என்றாலே மீன்தான். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும், மீனை நான்காக அரிந்து, சிறிது வேகவைத்து, புகையில் தொங்கவிடும் இந்த முறையைக் குறித்து வைத்திருக்கிறார். ஏறக்குறைய 5 கிலோ பச்சை மீன் 1 கிலோ மாசியாகச் சுண்டுவதால், விலை கூடுதலாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

விரல் நீளத் துண்டு ஒன்றை உரலில் இடித்து, வெறும் சட்டியில் சூடுகாட்டி, வறுத்த மிளகாய், தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுடன் பிசைந்தபோது, நான்கு பேர் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சம்பல் கிடைத்தது. உப்பு ஏறிய கருவாட்டில் கிடைக்காத, இறைச்சிச் சாற்றைப் போன்ற ஆழ்ந்த சுவை அது. காயல்பட்டினத்து வீடுகளில் இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆறில் ஒரு துண்டு மட்டும் உள்ளே சரியாகக் காயாமல், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது; புளித்த வாடையும் அடித்தது. பதம் கெட்ட சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சமைத்தாலும் அழியாது என்பதால், தயங்காமல் அதை எறிந்துவிட்டேன். அதே கடையில் வாங்கிய மாசித் தூள்தான் பெரிய ஏமாற்றம்: புகைமணம் அறவே இல்லை, பல்லில் மணல் நெறுநெறுத்தது, எந்த மீனை அரைத்தார்கள் என்று அறியவும் வழியில்லை. துண்டாக வாங்குவோர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, ஒன்றையாவது கடைக்காரரையே உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் அதற்கு மறுக்கமாட்டார்.