ஸ்பார்ஸா, ஸ்மாட்ச்சா? கெர்னல் வார்னிங்குகளைச் சரிசெய்ய எது உதவும்

லினக்ஸின் மையமான கெர்னலில், ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவரின் வார்னிங்குகளைச் சரிசெய்ய உட்காருகிறவர் முன், கோடை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் இரண்டு கருவிகள் பெரும்பாலும் நிற்கும். ஸ்பார்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கியது. ஸ்மாட்ச், டான் கார்ப்பென்டருடையது. கோடைப் பகுத்துப் படிக்கும் ஸ்பார்ஸின் பார்சரைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. இரண்டும் இலவசம், இரண்டையும் கெர்னலைக் கம்பைல் செய்யும் மேக் கட்டளையோடு சேர்த்தே ஓட்டலாம். நான் தேர்ந்தெடுத்தது ஸ்பார்ஸ்.

பிழை பிடிப்பதை மட்டும் பார்த்தால் ஸ்மாட்ச் ஒரு படி மேல். 2009இல் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டையில், ஒரு பாயின்டர் (மெமரி முகவரி) வழியாகப் படித்த பிறகுதான் அது எதையும் சுட்டாத வெற்றா என்று சோதித்திருந்தார்கள். படித்தாகிவிட்டது, இனி வெற்றாக இருக்காது என்று ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. இந்த வகைப் பிழை ஸ்மாட்ச்சுக்குக் கண்ணில் படும். ஸ்பார்ஸுக்குப் படாது.

ஆனால் சரிசெய்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஸ்மாட்ச் சொல்வதில் பொய் எச்சரிக்கைகளும் உண்டு. கருவியின் வாயை அடைப்பதற்காகச் சரியான கோடை மாற்ற, அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் சம்மதிப்பதில்லை, அது நியாயமும்கூட. அதனால் அந்த வார்னிங் அங்கேயே கிடக்கும். அடுத்து வருகிறவரும் அதே இடத்தை முதலிலிருந்து படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பார்ஸில் விடை கோடுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சாதனம் லிட்டில் எண்டியனில் (சிறிய பைட் முதலில் வரும் வரிசை) தரும் ஒரு ஃபீல்டை யூ32 என்று, வரிசை சொல்லாத வெறும் 32 பிட் எண்ணாக அறிவித்துவிட்டு, ஓரிடத்தில் மட்டும் வரிசையை மாற்றும் ஃபங்க்‌ஷன் வழியாகப் படித்திருந்தால் ஸ்பார்ஸ் முறையிடும். அதை எல்ஈ32, அதாவது லிட்டில் எண்டியன் எண், என்று மாற்றி, படிக்கும் எல்லா இடங்களிலும் அந்த மாற்று ஃபங்க்‌ஷனைப் போட்டுவிட்டால், நாளைக்கு வேறொருவர் அதை நேராகப் படிக்க முயன்றாலும் வார்னிங் வரும். இன்னொரு வசதியும் இருக்கிறது. லிட்டில் எண்டியனையே பயன்படுத்தும் எக்ஸ்86 பிராசசரில் அந்த ஃபங்க்‌ஷன் ஒன்றும் செய்யாது. டீபக் தகவலை அணைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிட்டால் பெரும்பாலும் மெஷின் கோடு அப்படியே இருக்கும். சாதனம் கையில் இல்லாதவரும் எக்ஸ்86இல் எதையும் உடைக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பைட் வரிசை தலைகீழான பிக் எண்டியன் மெஷினில் மட்டும் நடத்தை மாறும், அங்கேதான் பிழையும் இருந்தது.

ஒரே ஆபத்து, ஃபோர்ஸ் கேஸ்ட், அதாவது வகை மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் விடும்படி ஸ்பார்ஸுக்குச் சொல்வது. அதைப் போட்டால் வார்னிங் மறையும், பிழை மறையாது. அப்படி வரும் பேட்ச்சை ஏற்கவே கூடாது.

என் அனுபவம் சிறிய டிரைவர்களோடு நிற்கிறது. கெர்னல் முழுவதற்கும் ஸ்மாட்ச்சின் டேட்டாபேஸைக் கட்டி, ஃபங்க்‌ஷன் தாண்டிய தகவலோடு ஓட்டுகிறவர்களுக்குப் பொய் எச்சரிக்கைத் தொல்லை குறையலாம். லாக்கிங், மெமரி விடுவிப்பு என்று சிக்கலான பாதைகள் உள்ள கோடுக்கு நானும் ஸ்மாட்ச்சைத்தான் சொல்வேன். புதிதாக வருகிறவர் ஒரே ஒரு டைரக்டரியை எடுத்து, எல்லா ஃபைலையும் சோதிக்கச் சொல்லும் சி=2வை மேக் கட்டளையில் கொடுத்து ஸ்பார்ஸில் தொடங்கட்டும்.