சர்வர் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: ராத்திரியோடு ராத்திரியாகச் சாப்பாடு கெட்டால் அது ‘பக்’ இல்லை

மதுரையில் டோன்ட் ஸ்டார்வ் டுகெதர் (பல பேர் சேர்ந்து ஒரே உலகத்தில் பசியில் சாகாமல் பிழைத்திருக்க வேண்டிய கணினி விளையாட்டு) விளையாடுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. குறிப்பாக, விடுதி அறையில் நாலைந்து பேர் பங்கு போட்டு சர்வர் (அந்த உலகத்தை ஓட்டும் கணினி) வாடகைக்கு எடுக்கும் கல்லூரிப் பசங்களுக்கு.

வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக நம்ம ஊரிலேயே சர்வர் வாடகைக்கு விடும் ஒருவர், எங்கள் குழுவிடம் மூன்று மாத வாடகையை முன்பணமாக வாங்கினார். ராத்திரி எல்லோரும் வெளியேறி, காலையில் உள்ளே போனால் ஐஸ் பாக்ஸ் (கேமில் சாப்பாடு வைக்கும் குளிர்பெட்டி) முழுக்க அழுகல். கேட்டால், “இது கேம்ல இருக்கிற பக் (நிரலில் உள்ள பிழை), கம்பெனிக்காரன்தான் சரிபண்ணணும்” என்றார். இரண்டு நாள் கழித்து, சரிசெய்ய ஒரு மாட் (கேமின் விதிகளை மாற்றும் கூடுதல் கோப்பு) இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் என்றார். கட்டிய பிறகு வேறு கோளாறு. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அவர் பெயரை இங்கே போடவில்லை. இதே ஏமாற்றை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

அவர் சொன்ன பக் எதுவும் கேமில் இல்லை. சர்வர் அமைப்பில் ஒரே ஒரு வரி தப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

கேமில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 8 நிமிடம். ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் வெளியேறி காலை 7 மணிக்குத் திரும்பினால் இடையில் 480 நிமிடம், அதாவது கேமில் 60 நாள். பச்சைக் கறி 6 நாளில் அழுகும். ஐஸ் பாக்ஸ் கெடும் வேகத்தைப் பாதியாக்கும், ஆகவே 12 நாள். நம் கணக்கில் 96 நிமிடம். மீட்பால் 10 நாள் தாங்கும், ஐஸ் பாக்ஸில் 20 நாள். அதுவும் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெர்க்கி (உலர்த்திய கறி) 20 நாள், ஐஸ் பாக்ஸில் 40 நாள். விடிகாலை 4.20க்கு அதுவும் போச்சு. தேன் மட்டும் 40 நாள் தாங்கும் பொருள். ஐஸ் பாக்ஸில் 80 நாள் என்பதால் 60 நாளுக்குப் பிறகும் கால் பங்கு புத்துணர்ச்சி மிஞ்சி, மஞ்சள் நிறத்தில் (பாதிக்கு மேல் கெட்டதற்கு அடையாளம்) நிற்கும். கடுங்குளிரில் கெடும் வேகம் 0.75 மடங்காகக் குறையும், கடும் வெயிலில் 1.25 மடங்காக ஏறும் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும். காலையில் மற்றதெல்லாம் அழுகி, தேன் மட்டும் மஞ்சளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்: ஆளில்லாத நேரத்தில் உலகம் ஓடியிருக்கிறது.

சாப்பாடு மட்டும் போவதில்லை. இயல்பான அமைப்பில் இலையுதிர் காலம் 20 நாள், குளிர்காலம் 15, வசந்தம் 20, கோடை 15. 5ஆம் நாளில் வெளியேறியவர் 65ஆம் நாளில், நடுக்கோடையில் வந்து நிற்பார். கையில் ஐஸும் இருக்காது, குளிர்ச்சி தரும் உடையும் இருக்காது. பசியில் சாவதற்கு முன்பே வெயிலில் செத்துப்போவார். கிராக் பாட் என்ற சமையல் பானையில் சமைத்து எடுக்காமல் விட்ட சாப்பாடும் அங்கேயே கெடும்.

மாற்ற வேண்டிய வரி கிளஸ்டர்.ஐஎன்ஐ என்ற கோப்பில், கேம்பிளே என்ற பகுதிக்குக் கீழே இருக்கிறது: பாஸ்_வென்_எம்ப்டி. இது ட்ரூ என்று இருந்தால் கடைசி ஆள் வெளியேறியதும் உலகம் நின்றுவிடும், அடுத்த ஆள் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஃபால்ஸ் என்று இருந்தாலோ, அந்த வரியே இல்லாவிட்டாலோ, ஆளில்லாமலும் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வேறு பகுதிக்குக் கீழே எழுதினால் வேலை செய்யாது. மாற்றிய பின் சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்ற வேண்டும். மொத்தமாக இரண்டு நிமிட வேலை. இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது பகல் கொள்ளை.

“24 மணி நேரமும் ஓடும் சர்வர்” என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் குழப்பிவிடுகிறார்கள். சர்வர் 24 மணி நேரமும் ஆனில் இருப்பது வேறு, கேமின் நாள்கள் 24 மணி நேரமும் ஓடுவது வேறு. முதலாவதுதான் உங்களுக்கு வேண்டியது, காசும் அதற்குத்தான். பணம் கட்டும் முன்பே, “ஆளில்லாதப்போ உலகம் நிக்குமா?” என்று எழுத்தில் கேட்டு பதில் வாங்கி வையுங்கள்.

நடந்த பிறகு ரோல்பேக் (பழைய சேமிப்புக்குத் திரும்புவது) செய்து மீட்கலாம் என்று நம்பாதீர்கள். கேம் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு சேமிப்பு எடுக்கும். இயல்பாகக் கடைசி 6 சேமிப்புகள்தான் வைத்திருக்கும். 6 நாள் என்பது 48 நிமிடம். ராத்திரி 11 மணி நிலைமைக்கான சேமிப்பு நள்ளிரவு தாண்டுவதற்குள் அழிந்திருக்கும். அந்த எண்ணிக்கையையும் அதே கோப்பில் மேக்ஸ்_ஸ்னாப்ஷாட்ஸ் என்ற வரியில் கூட்டலாம். ஆனால் உலகம் நிற்கும்படி வைத்துவிட்டால் அதற்குத் தேவையே வராது.

உங்கள் சர்வர் எப்படி என்று பார்க்க நிர்வாக அனுமதி வேண்டாம். திரையில் இருக்கும் நாள் எண்ணைக் குறித்துக்கொண்டு எல்லோரும் வெளியேறுங்கள். அரை மணி நேரம் கழித்து உள்ளே போனால் எண் மாறாமல் இருக்க வேண்டும். மூன்று, நான்கு கூடியிருந்தால் உலகம் ஓடுகிறது. உள்ளே போகாமல், சர்வர் பட்டியலில் உங்கள் சர்வரைத் தொட்டாலே நாளும் பருவமும் தெரியும். ராத்திரி ஒரு ஸ்கிரீன்ஷாட், காலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் பின்னால் சண்டை வரும்போது அதுவே சாட்சி.

நாள் எண் மாறாமல் சாப்பாடு மட்டும் கெட்டிருந்தால்? பெரும்பாலும் வேறு விதிகள்தான் காரணம். தரையில் கிடக்கும் உணவு 1.5 மடங்கு வேகமாகக் கெடும். நனைந்த உணவு 1.3 மடங்கு. வசந்த கால மழையில் தரையில் போட்டு வைத்த கறிக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ இரட்டை வேகம். 6 நாள் கறி 3 நாளில், அதாவது 25 நிமிடத்தில் போய்விடும். இன்னொன்று: புதுக் கறியைப் பழைய கறியோடு ஒரே அடுக்கில் சேர்த்தால் எண்ணிக்கைக்கு ஏற்ப சராசரி எடுக்கும். புதியது ‘திடீரென்று’ மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். நிறத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். புத்துணர்ச்சி பாதிக்குக் கீழே இறங்கினால் மஞ்சள். பசி நிரப்பும் அளவு மூன்றில் இரண்டாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே சிவப்பு, பாதிதான் நிரப்பும். இந்த விதிகளில் எதுவும் பொருந்தாவிட்டால் சர்வரில் ஏற்றியிருக்கும் மாட்களைச் சந்தேகப்படுங்கள்.

அந்த ‘சரிசெய்யும் மாட்’ பற்றியும் சொல்ல வேண்டும். அது எதையும் சரிசெய்யவில்லை. உணவு கெடுவதையே நிறுத்திவிட்டது. இந்த வகை மாட்கள், கேம் வாங்கும் தளமான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. உணவு கெடாவிட்டால் அழுகலும் கிடைக்காது, தோட்டத்துக்கு அந்த உரம் இல்லை. அழுகிய முட்டை இல்லாமல் வெடிமருந்து செய்ய முடியாது. அதற்கு அழுகிய முட்டை, கரி, நைட்டர் ஒவ்வொன்று வேண்டும். உணவைக் காப்பாற்றும் கவலை போனால் இந்த விளையாட்டில் பாதி போய்விடும். பருவங்கள் ஓடுவதையும் அந்த மாட் தடுக்காது. 65ஆம் நாள் கோடை அப்படியே காத்திருக்கும்.

மாட் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஜிப் கோப்பு அனுப்பி, உங்கள் கணினியில் இயக்கச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். சர்வர் மாட்டுக்கு உங்கள் பக்கம் ஏதாவது தேவைப்பட்டால் நுழையும்போது கேமே இறக்கிக்கொள்ளும். ஸ்டீம் பாஸ்வேர்டு கேட்டால் உடனே விலகுங்கள். உங்களை நிர்வாகியாகச் சேர்க்க கே.யூ என்று தொடங்கும் கிளே (கேமை உருவாக்கிய நிறுவனம்) பயனர் ஐடி மட்டும் போதும்.

உண்மையில் வாடகை சர்வர் தேவைதானா என்று முதலில் யோசியுங்கள். நண்பர்கள் எப்போதும் சேர்ந்துதான் விளையாடுவீர்கள் என்றால், ஒருவர் கேமிலிருந்தே ஹோஸ்ட் செய்தால் (தன் கணினியிலேயே உலகத்தை நடத்தினால்) போதும். அவர் வெளியேறியதும் உலகம் நின்றுவிடும், எதுவும் கெடாது. அவரவர் நேரத்துக்கு வர வேண்டும் என்றால், ஸ்டீமில் டூல்ஸ் பிரிவில் டெடிகேட்டட் சர்வர் (உங்கள் கணினியில் தனியாக ஓடும் சர்வர் மென்பொருள்) இலவசம். கிளே கணக்கிலிருந்து ஒரு டோக்கன் (சர்வரை அடையாளம் காட்டும் குறியீடு) எடுத்துப் போட வேண்டும், அதற்கும் காசு இல்லை. மேல்தளத்துக்கும் குகைக்கும் தனித்தனி புரோகிராம் ஓடும் என்பதால் பழைய கணினி என்றால் குகையை விட்டுவிடுங்கள். மாதாந்திர பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் காலையிலேயே சி_ஷட்டவுன் கட்டளை கொடுத்து மூடிவிடுங்கள், சேமித்துவிட்டுத்தான் மூடும். மறந்தாலும் கடைசி சேமிப்புக்குப் பிறகான 8 நிமிட ஆட்டம் வரைதான் நட்டம்.

ஏற்கெனவே முன்பணம் கட்டி மாட்டியிருப்பவர்கள், யுபிஐ பரிவர்த்தனை எண், உரையாடல், நாள் எண் ஸ்கிரீன்ஷாட்கள் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுக்கும் முன், சண்டை போடும் முன், உங்கள் உலகத்தைக் கையில் வாங்குங்கள். மாஸ்டர் (மேல்தளம்), கேவ்ஸ் (குகை) இரண்டும் உள்ளே இருக்கும் கிளஸ்டர் போல்டரை முழுதாக ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கும் டோக்கனை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டு, பாஸ்_வென்_எம்ப்டி வரியை ட்ரூ ஆக்கினால் அதே உலகம் உங்கள் கணினியில் ஓடும். வாடகைக் கெடு முடிந்த பிறகு கேட்டால், “அழிச்சாச்சு” என்றுதான் பதில் வரும்.