மேற்கு மாம்பலம் டூ பாண்டி பஜார்: நடையா, ஸ்கூட்டரா, ஆட்டோவா?

சென்னை மேற்கு மாம்பலத்தில் வீடு, பாண்டி பஜாரில் வேலை. ஸ்கூட்டர் வாசலிலேயே நிற்கிறது; ஆனாலும் நான் நடந்துதான் போகிறேன்.

ஆட்டோவைப் பற்றிப் பேச அதிகமில்லை. இவ்வளவு கிட்டத்துக்கு வருவதற்கே யோசிப்பார்கள், வந்தால் பேரம். மழைக்கும் முழங்கால் வலிக்கும் அதுதான் சரி.

பெட்ரோல் மிச்சம், உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் தெரிந்த கதை. என் முடிவுக்குக் காரணம் நேரம். வேகத்தைச் சொல்லவில்லை; எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பது முன்கூட்டியே தெரிவதைச் சொல்கிறேன். வண்டி என்றால் துரைசாமி சுரங்கப்பாதை. ஒரு நாள் சர்ரென்று போய்விடலாம், மறுநாள் ஹாரன் சத்தத்துக்கு நடுவே காலை ஊன்றி ஊன்றி நகர வேண்டும். கனமழையில் தண்ணீர் நின்றால் அந்த வழியே கிடையாது. தாண்டினாலும் பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலை. அப்புறம் வண்டியை நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை. நடந்தால் ஸ்டேஷன் மேம்பாலம், ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோடு; இருபது நிமிடம், கூடினால் இரண்டு மூன்று. காலையில் ரங்கநாதன் தெருவில் பாதி ஷட்டர் மூடித்தான் இருக்கும். தலையில் துணி மூட்டையோடு வருபவர் “ஓரம், ஓரம்” என்பார், அவ்வளவுதான் டிராபிக்.

சாயங்காலமும் தீபாவளி சமயமும் வேறு. அப்போது அந்தத் தெருவில் நடக்க முடியாது, கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டேஷனிலிருந்து 2023இல் திறந்துவைத்த ஆகாய நடைபாதை அப்போது கைகொடுக்கும், ஆனால் அது பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகிறது. எனக்குச் சுற்று.

மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நடந்தும் சைக்கிளிலும் ரயிலிலும் போகிறவர்கள், காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள். அதை இங்கே அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம். வண்டி இருந்தும் நடக்கிற என் திருப்தி வேறு, பஸ் காசை மிச்சம் பிடிக்க நடப்பவரின் மனநிலை வேறு. தரையும் முக்கியம். உஸ்மான் ரோட்டில் நடைபாதையில் கடை, நாம் ரோட்டில். பாண்டி பஜாரில், 2019இல் அகலப்படுத்திய தியாகராய சாலை நடைபாதையில் கால் வைத்ததும்தான் தோள் தளர்கிறது.

இரவு பத்துக்கு மேல் இந்த வழியில் எனக்குப் பழக்கம் குறைவு. வேலை முடிய நேரமாகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், என் பேச்சை நம்பி வண்டியை வீட்டில் விட்டுவிட வேண்டாம்.