மெக்சிகோ பேக்கேஜ்: டிக்கெட்டுக்கு ஐந்து நட்சத்திரம், மொத்தத்தில் மூன்று

மார்த்தாண்டத்தில் ரொம்ப வருடமாக கல்ஃப் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ் இது. பெயர் வேண்டாம். என் தம்பி சவுதிக்குப் போனதும் வந்ததும் இவர்கள் போட்ட டிக்கெட்டில்தான். அந்த நம்பிக்கையில், டாலஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன 2024 ஜூனில், நடுவே ஐந்து நாள் மெக்சிகோ கடற்கரையையும் சேர்த்து இவர்களிடமே புக் செய்தேன்.

டிக்கெட் விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். திருவனந்தபுரத்தில் ஏறி டாலஸில் இறங்கும்வரை ஒரு பிசகு இல்லை. "அமெரிக்கா விசா இருந்தா மெக்சிகோவுக்குத் தனியா விசா வேண்டாம் சாரே" என்றார் ஓனர். மெக்சிகோவில் நாங்கள் இறங்கிய கான்கூனில் அப்படியேதான் நடந்தது. பாஸ்போர்ட்டைப் புரட்டினார்கள், முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் கதை. பேக்கேஜுக்கு என்று மூன்று பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். காலையில் முட்டையை எப்படிச் சமைத்துத் தருவார்கள் என்பதற்கு இரண்டு வரி. பாதுகாப்புக்கு ஒரே வரி: "டூரிஸ்ட் ஏரியா, ஃபுல் சேஃப்." போதைமருந்துக் கும்பல், துப்பாக்கிச்சூடு என்றெல்லாம் செய்தி வருகிறதே என்று புறப்படும் முன்பே கேட்டேன். "அதெல்லாம் பார்டர் பக்கம் சாரே" என்று சிரித்தார்.

பார்டர் பக்கம் மட்டும் இல்லை. 2021 அக்டோபரில் அதே கடற்கரையில் உள்ள துலூமில், ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் குறுக்கே வந்த குண்டுக்குச் செத்தார்கள். ஒருவர் நம் இமாச்சலப் பிரதேசத்துப் பெண். சுட்டுக்கொண்டவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்குச் சில்லறையாகப் போதைப்பொருள் விற்கும் இடத்துக்காக மல்லுக்கட்டிய கும்பல்கள். அதாவது, டூரிஸ்ட் ஏரியா என்பதால்தான் சண்டையே. அடுத்த மாதம் அதே கரையில் உள்ள புவெர்த்தோ மொரெலோஸில் ஹோட்டல் கடற்கரையிலேயே சுட்டார்கள். அதன் பிறகுதான் அரசு ஏறத்தாழ 1,500 தேசியக் காவல்படையினரை அந்தக் கரைக்கு அனுப்பியது.

அவர்களை நாங்களும் பார்த்தோம். நாங்கள் தங்கிய ப்ளாயா தெல் கார்மென் ஊரின் கடற்கரையில், குளியல் உடுப்போடு கிடக்கும் கூட்டத்துக்கு நடுவே, முழு யூனிஃபார்ம், தோளில் நீளத் துப்பாக்கி, கனத்த பூட்ஸ். "பூட்ஸுக்குள்ள மண்ணு போவாதா இவனுவளுக்கு?" என்றாள் என் மனைவி. அவர்கள் கடந்து போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பனாமா தொப்பி விற்கிற பையன் என் பக்கம் குனிந்து, தொப்பியைத் தவிர வேறு ஏதோ வேண்டுமா என்று கேட்டான். கன்னியாகுமரியில் பாசிமாலை விற்பவர்கள் விரட்டுகிற மாதிரிதான் இருந்தது, சரக்குதான் வேறு. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அவனும் தொந்தரவு செய்யவில்லை.

ஐந்து நாளில் எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது டிராவல்ஸ்காரர் புண்ணியம் இல்லை. அவர் சொன்ன டாக்ஸி ஏர்போர்ட்டுக்கு வரவே இல்லை. டிரைவர் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்த நாலு பேரைத் தாண்டி, மருமகன் ஏ.டி.ஓ. என்ற பஸ் கம்பெனியின் கவுண்டரில் டிக்கெட் எடுத்தார். குளிரூட்டிய பஸ், ஒரு மணி நேரத்தில் ஊர். போகிறவர்கள் அதையே பிடியுங்கள். 2023 ஜனவரியில் கான்கூனில் டாக்ஸிக்காரர்களுக்கும் ஊபருக்கும் அடிதடியே நடந்திருக்கிறது.

இன்னொன்று, மருந்துக்கடை. மனைவிக்கு முழங்கால் வலி. கடைத்தெருவில் வலி மாத்திரையை ஒன்று இரண்டு என்று உதிரியாகவே விற்கிறார்கள். நான் காசை எடுத்துவிட்டேன், மகள்தான் கையைப் பிடித்தாள். அந்தச் சுற்றுலா ஊர்களின் கடைகளில் வாங்கிய மாத்திரைகளைச் சோதித்தபோது சிலவற்றில் ஃபென்டனில் இருந்ததாம், துளி அளவே உயிரை எடுத்துவிடும் போதைமருந்து அது. 2023-ல் அமெரிக்க அரசே எச்சரித்திருக்கிறது. கடைசியில் பெட்டிக்குள் வைத்திருந்த முறிவெண்ணெய்தான் உதவியது.

ஊர் திரும்பியதும் டிராவல்ஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அமெரிக்க வெளியுறவுத் துறை மெக்சிகோவை மாநிலம் மாநிலமாகப் பிரித்து எழுதியிருப்பதை ஃபோனில் காட்டினேன். அக்காபுல்கோ இருக்கிற குவெரேரோவுக்குப் போகவே வேண்டாம், கான்கூன் பக்கத்துக்குக் கூடுதல் கவனத்தோடு போகலாம். இந்த இரண்டு வரியை அந்த மூன்று பக்கத்தில் போட்டிருக்கலாமே?

"பயமுறுத்தினா ஆரு சாரே புக் பண்ணுவா?" என்றார். "நம்ம லெமூர் பீச்சுல மட்டும் சொல்லிட்டா இறக்குறோம்?"

அதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின மாதம்தான், மே 6-ஆம் தேதி, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில், முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று எழும் கள்ளக்கடல் அலையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்துபோனார்கள்.

வராத டாக்ஸிக்கான பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார், அதற்காக ஒரு நட்சத்திரம் கூட்டியிருக்கிறேன். கவுண்டரில் அந்த மூன்று பக்கம் அப்படியே அடுக்கி இருந்தது. மேலே இருந்த ஒன்றில் "ஃபுல் சேஃப்" என்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஏ.டி.ஓ. பஸ் என்று எழுதிவிட்டு வந்தேன்.