கொடைக்கானல் கோல்ஃப் கிளப்: அறுபது தாண்டின கோஷ்டிக்கு ஒத்து வருமா?

முதல்லயே சொல்லிடறேன், டிரைவர் மட்டைல முந்நூறு கஜம் பறக்க விடற பசங்களுக்கு இந்த ரிவ்யூ உபயோகப்படாது. முட்டிக்கு பெல்ட் கட்டி, பிபி மாத்திரை போட்டு, வாரக்கடைசில நாலு பேரா சேர்ந்து காபி டிஃபன் பந்தயத்துக்கு ஆடற நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான் எழுதறேன். போகலாமான்னா கண்டிப்பா போகலாம், ஆனா சிட்டில ஆடற கணக்கை சிட்டிலயே விட்டுட்டு போங்க, இல்லன்னா பத்தாவது ஹோல்லயே மூச்சு வாங்கிரும்.

எங்க செட் ரிட்டயர்டு கர்னல் ஒருத்தர், ஆடிட்டர் ஒருத்தர், குழந்தைங்க டாக்டர் ஒருத்தர், அப்புறம் நான். எல்லாரும் மெட்ராஸ்ல சமதரையில ஆடிப் பழகினவங்க, அங்க மேடுன்னா பங்கருக்கு (மணல் குழி) மேல இருக்கற விளிம்புதான். கொடைக்கானல்ல அப்படியே தலைகீழ். 1895ல ஆரம்பிச்ச கிளப், ஏரிப்பக்கத்துல இருந்து பில்லர் ராக்ஸ் போற ரோட்ல க்ரீன் வேலி வியூ கிட்ட இருக்கு, 18 ஹோல். மெம்பரா இல்லாதவங்க க்ரீன் ஃபீ (ஆட்டக் கட்டணம்) கட்டி ஆடலாம், ரேட்டையும் டீ டைமையும் (ஆட்டம் ஆரம்பிக்கற நேரம்) கிளம்பறதுக்கு முன்னாடி ஃபோன்ல கேட்டுக்கறது நல்லது, போட்டி இருக்கற நாள்ல இடம் கஷ்டம். மேட்டுல டீ (முதல் ஷாட் அடிக்கற இடம்), பள்ளத்துல ஃபேர்வே (நடுவுல வர்ற புல் பாதை), மறுபடி மேட்டுல க்ரீன் (குழி இருக்கற இடம்), இந்த ஏத்த இறக்கம்தான் இந்த கோர்ஸோட குணமே, அதை குறைன்னு சொன்னா மலைக்கு ஏன் போனேன்னுதான் கேப்பாங்க.

நம்ம வயசுக்கு ஒரு ஜாலியான விஷயம் இருக்கு. இடம் சுமார் ஏழாயிரம் அடி உசரம், காத்து லேசா இருக்கறதால பந்து கீழ அடிக்கறதைவிட தூரமா போகும், ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதம்னு தோராயமா வெச்சுக்கலாம். அதாவது கீழ 140 கஜம் போற அயர்ன் மட்டை ஷாட் இங்க 150ஐ தொட்டுரும். பத்து வருஷமா ஏழாம் நம்பர் அயர்னை நம்பி ஏமாந்துட்டிருந்த கர்னல் முதல் ஷாட்லயே க்ரீனைத் தாண்டி அடிச்சுட்டு, ஏதோ பதக்கம் வாங்கின மாதிரி திரும்பிப் பாத்தாரு. அதுக்காக ரொம்ப சந்தோஷப்படவும் வேணாம், காலைல குளிர்ல பந்து இறுகிப் போயி அந்த லாபத்துல பாதி போயிடும். ரெண்டு பந்தை பேன்ட் பாக்கெட்டுல உடம்புச் சூட்டுல வெச்சுக்கிட்டு ஹோல் முடிஞ்சதும் மாத்தி மாத்தி ஆடலாம், ஹோல் நடுவுல மாத்தக் கூடாது, ஹீட்டர் கீட்டர் வெச்சு சூடு பண்ணினா அது ரூல்ஸுக்கு விரோதம்.

ஸ்கோர் விஷயத்துக்கு வரேன். ஸ்ட்ரோக் ப்ளே (அடிச்ச ஷாட்டையெல்லாம் கூட்டற முறை) ஆடாதீங்க, ப்ளீஸ். ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடுங்க. இங்கிலாந்துல லிவர்பூல் பக்கம் வாலஸி கிளப்ல டாக்டர் ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுங்கறவரு 1932ல நடத்திக் காட்டின முறை, ஹேண்டிகேப் (அவங்கவங்க திறமைக்கேத்த சலுகை ஷாட்) கழிச்சு பார் (அந்த ஹோலுக்குன்னு வெச்ச ஷாட் கணக்கு) எடுத்தா 2 பாயின்ட், ஒண்ணு கூடிப்போன போகி 1, ஒண்ணு குறைஞ்ச பேர்டி 3, போகியைவிட மோசம்னா முட்டை, அவ்ளோதான். முட்டைன்னு தெரிஞ்ச உடனே பந்தை பாக்கெட்ல போட்டுட்டு நடந்துரலாம். மலைல இதுதான் பெரிய வசதி, எட்டாவது ஒன்பதாவது ஷாட்டுக்காக சரிவுல இறங்கி ஏற வேணாம், பின்னாடி வர்ற செட்டும் திட்டாது. எங்க ஆடிட்டர் மட்டும் ஒவ்வொரு ஷாட்டையும் எண்ணி எழுதியே தீருவேன்னு அடம் பிடிச்சாரு, தொழில் புத்தி எங்க போகும், பதினாலாவது ஹோல்ல அவரே பென்சிலை மூடி வெச்சுட்டாரு.

இப்ப மாடு. கோர்ஸ் பக்கம் காட்டெருமை வரும், உள்ளூர்க்காரங்க காட்டுமாடுன்னுதான் சொல்றாங்க, கருப்பு உடம்பு, முட்டிக்குக் கீழ வெள்ளை. பெரிய ஆண் மாடு ஒரு டன்னு வரைக்கும் கூட இருக்கும். டாக்டரோட ரெண்டாவது ஷாட் ஒரு மாட்டுக்கு இருபது அடி தள்ளி போய் உக்காந்துருச்சு. அதுபாட்டுக்கு மேயுது, நம்ம பக்கம் தலையைக் கூட தூக்கல. "அது போற வரைக்கும் நிக்கலாம்"னு ஆடிட்டர், "எழுபது வயசுல நான் மாட்டுக்கிட்ட க்யூவுல நிக்க மாட்டேன்"னு டாக்டர். கேடி (பை தூக்கிட்டு கூட வந்து வழி சொல்றவர்) தம்பி மட்டும் "சார், கிட்ட போகாதீங்க, குட்டி பக்கத்துல இருந்தா திடீர்னு திரும்பும்"னு கையை நீட்டி தடுத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் பெனால்டி உண்டா இல்லையான்னு வாக்குவாதம் ஆரம்பிச்சுது. கோல்ஃப் ரூல்ஸ் 16.2 இதுக்குன்னே இருக்குங்க, பாம்பு, தேனீ, கரடி மாதிரி ஆபத்தான பிராணி பக்கத்துல பந்து கிடந்தா பெனால்டி இல்லாம ஆபத்து இல்லாத கிட்டத்து இடத்தைப் பாத்து ஒரு மட்டை நீளத்துக்குள்ள டிராப் பண்ணிக்கலாம் (பந்தைக் கையில இருந்து கீழ விடறது), குழிக்கு கிட்ட மட்டும் போகக் கூடாது. டிராப் முட்டி உசரத்துல இருந்து, 2019ல இருந்து அப்படித்தான். நின்னுட்டிருக்கற பந்தை மாடு உதைச்சுத் தள்ளிட்டாலும் பெனால்டி கிடையாது, பழைய இடத்துலயே திரும்ப வெக்கணும்.

ஆனா குளம்புத் தடத்துல பந்து மாட்டினா கதை வேற, இதுல நிறைய பேருக்கு குழப்பம். க்ரீன்ல இருக்கற குளம்புப் பள்ளத்தை சரி பண்ணிட்டு பட் பண்ணலாம் (குழிக்கு உருட்டி அடிக்கறது), ஃபேர்வேல இருந்தா ரூல்ஸ்படி சும்மா தூக்க முடியாது, கிளப்போட லோக்கல் ரூல் இருந்தாத்தான் உண்டு, அதனால ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆஃபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க. நாங்க நட்பு ஆட்டம்கறதால தூக்கி வெச்சுக்கிட்டோம், கர்னல் மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

கேடி இல்லாம இறங்காதீங்க, அது பணத்தை மிச்சம் பண்ற இடம் இல்ல. பை தூக்கறதுக்கு மட்டும் இல்லைங்க, க்ரீன் படிக்கறதுக்கு, அதாவது அது எந்தப் பக்கம் சரியுதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு. மலைச்சரிவுல நம்ம கண்ணு பொய் சொல்லும், இடது பக்கம் இறக்கம்னு சத்தியம் பண்ணலாம் போல இருக்கும், பந்து வலது பக்கம் ஓடும். ஒரு ஹோல்ல நான் குனிஞ்சு நிமிந்து இடது பக்கம் குறி வெச்சப்ப அந்தத் தம்பி கொடியைக் கையில புடிச்சுக்கிட்டே, "ஐயா, அந்த மலையைப் பாக்காதீங்க, பள்ளத்தாக்கு எந்தப் பக்கம்னு பாருங்க"ன்னாரு. அவர் சொன்ன மாதிரி அடிச்சேன், குழி விளிம்புல தொட்டு உள்ள போச்சு. காணாப் போன பந்தைத் தேடவும் அவங்க கண்ணுதான் வேணும், இப்பல்லாம் தேட 3 நிமிஷம்தான், முன்னாடி மாதிரி 5 இல்ல. மூடுபனி இறங்கிட்டா அவங்களுக்கே தெரியாது, அப்ப நம்ம அனுபவத்தைக் காட்டறேன்னு கண்ணை மூடிட்டு அடிக்காதீங்க, முன்னாடி ஆளு இருப்பாங்க.

தங்கற இடம் பத்தி ஒரு முணுமுணுப்பு, பேர் வேணாம். நாங்க எடுத்த ஹோட்டல்ல எட்டு மணிக்கு முன்னாடி கிச்சன் திறக்க மாட்டாங்களாம், "கோல்ஃபா சார், வந்து சாப்பிடுங்களேன்"னு சிரிச்சுட்டே சொல்றாங்க. சுகர் மாத்திரை போடறவன் வெறும் வயித்தோட 18 ஹோல் நடக்க முடியுமா? கடைசில ரோட்டோர டீக்கடை பன்னும் வாழைப்பழமும்தான் காப்பாத்துச்சு. ரூம் புக் பண்றப்பவே காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குன்னு கேட்டு வாங்கிக்கோங்க.

முழு 18ஐயும் ஒரே மூச்சுல முடிக்கணும்னு யாரும் கேக்கல. டாக்டர் ஒன்பதோட நிறுத்திட்டு மறுநாள் மிச்சத்தை ஆடினாரு, எங்க நாலு பேர்ல அவருதான் அடுத்த நாள் நொண்டாம மாடிப்படி ஏறினது. ஸ்பைக் நல்லா இருக்கற ஷூ, கழட்டி மாட்ட ரெண்டு ஸ்வெட்டர், மழைக்கு ஒரு செட் க்ளவுஸ், வழக்கமா எடுத்துட்டு போறதைவிட கொஞ்சம் கூடுதல் பந்து, இவ்வளவும் வேணும். குளிர்ல தாகமே எடுக்காது, அதனால தண்ணி குடிக்க மறந்துரும், ஃப்ளாஸ்க்ல வெந்நீர் வெச்சுக்கோங்க, சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு ஊருக்குள்ள தடை. கார்ல போறவங்க இ-பாஸ் (ஊருக்குள்ள வண்டி நுழையறதுக்கான அனுமதி) எடுக்காம கிளம்பிராதீங்க, 2024 மே மாசம் ஹைகோர்ட் உத்தரவுல வந்தது, ஆன்லைன்ல எடுத்துரலாம். கோடை சீசன் ரஷ்ல போனா மலையேறறதுக்குள்ளயே பாதி நாள் போயிடும், வெள்ளி சாயந்திரம் கிளம்பற ஐடியாவே வேணாம், வார நடுவுல போங்க, ரிட்டயர்டு ஆளுங்களுக்கு அந்த ஒரு சௌகரியமாவது இருக்கே.